குச்சியை யார் பார்த்தார்கள்?

மூலிகைப் பெட்ரோல் விவகாரத்தில் இன்றுவரை என்னை உறுத்திக்கொண்டிருப்பது, கிளறிய அந்தக் குச்சிதான். 1996-ல் இராஜபாளையத்துக்குப் பக்கத்தில் இடையன்குளத்திலிருந்து ராமர் பிள்ளை வந்தார். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். தண்ணீரில் ஏதோ தழையைப் போட்டுக் கொதிக்கவிட்டு, உப்பையும் புளிப்பு அமிலத்தையும் சேர்த்துக் கிளறுவார். கிளறக் கிளற எண்ணெய் திரண்டு மேலே வரும். நெருப்பைக் காட்டினால் பற்றிக்கொள்ளும். மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை அவரை டெல்லிக்கு அழைத்தது. ஐஐடியில் செய்துகாட்டினார். பார்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள், பத்திரிகைகள் கொண்டாடின. பிறகு சென்னை ஐஐடியில் சோதித்தபோது கதை குலைந்தது. குச்சி உள்ளே குடையப்பட்டிருந்தது, நுனி மெழுகால் அடைக்கப்பட்டிருந்தது, சூட்டில் மெழுகு இளக உள்ளேயிருந்த எண்ணெய் கசிந்து மேலே மிதந்தது என்பதே பின்னர் பரவலாகச் சொல்லப்பட்ட விளக்கம். எவ்வளவு சின்ன வித்தை! இதை நினைக்கும்போதெல்லாம் அந்த டெல்லி அறையைக் கற்பனை செய்து பார்ப்பேன். வெந்த தழையின் பச்சை வாடை, அதன் ஊடே மெல்லப் புகுந்துவரும் பெட்ரோல் நெடி, சுற்றிலும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் படித்த மனிதர்கள். அத்தனை கண்களும் பாத்திரத்துக்குள்ளேயே இருந்திருக்கும்.

பாத்திரத்தைப் பார்ப்பதுதான் அவர்கள் கற்ற தொழில். வேதியியல் படித்தவருக்குக் கரைசல் பொய் சொல்லாது. அது புரிபடாமல் போகலாம், தவறாக அளக்கப்படலாம், ஆனால் தன்னைப் பார்ப்பவரை ஏமாற்றவேண்டும் என்று அது திட்டமிடுவதில்லை. ஆய்வகத்தில் பழகும் சந்தேகமெல்லாம் அளவியின் மீதும் கலப்படத்தின் மீதும் தன் கண்ணின் மீதும்தான். எதிரே நிற்கும் மனிதனின் கைமீது சந்தேகப்பட எந்தப் பல்கலைக்கழகமும் கற்றுக்கொடுப்பதில்லை. அதைக் கற்றவர்கள் வேறு இடங்களில் இருந்தார்கள். போத்தனூரில் இருந்துகொண்டு ‘இந்தியன் ஸ்கெப்டிக்’ இதழை நடத்திய பிரேமானந்த், திருநீறு வரவழைப்பதையும் தீ மிதிப்பதையும் ஊர் ஊராகச் செய்துகாட்டி, பிறகு எப்படிச் செய்தேன் என்றும் சொல்லிக்கொண்டிருந்தவர். அவரைப் போன்ற ஒருவர் அந்த அறையில் இருந்திருந்தால் முதலில் குச்சியைத்தான் கையில் வாங்கிப் பார்த்திருப்பார். விஞ்ஞானிகளுக்கும் ஒரு வழி இருந்தது, குச்சியைத் தொடாமலே. ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக நிற்கும். அந்த எடையில் ஏறத்தாழ 85 விழுக்காடு கரி. தண்ணீரில் கரி கிடையாது. கைப்பிடித் தழையிலிருந்து அறுநூறு கிராம் கரி எப்படி வரும்? பத்தாம் வகுப்புக் கணக்கு. கண்ணெதிரே எண்ணெய் எரியும்போது அந்தக் கணக்கைப் போட யாருக்கும் கை வரவில்லை போலும்.

இப்போது இதை எழுதுவது சுலபம். அன்று சந்தேகப்பட்டவர்களிடம் என்ன கேட்டார்கள் என்பதையும் சொல்லவேண்டும். பட்டிக்காட்டான் கண்டுபிடித்தால் உங்களுக்குப் பொறுக்காதா, கோட்டுப் போட்டவன் சொன்னால்தான் விஞ்ஞானமா, எண்ணெய்க் கம்பெனிக்காரனிடம் காசு வாங்கிவிட்டீர்களா? டீக்கடைகளில் இந்தக் கேள்விகளுக்கு ஒரு நியாயமான கோபம் பின்னால் நின்றது. படிப்பு மறுக்கப்பட்ட பல தலைமுறைகளின் கோபம் அது. அந்தக் கோபத்தை எளிதாகத் தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை. சந்தேகித்தவர்களில் சிலரின் சிரிப்பில் வேதியியலைவிட ஏளனம் அதிகமாகவே இருந்தது. குச்சி பிடிபட்ட பிறகும் பலர் நம்பிக்கையை விடாததற்கு அந்த ஏளனமும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். ராமர் பிள்ளையும் விடவில்லை, எரிபொருளை விற்பனைக்கே கொண்டுவந்தார். அது பெட்ரோலியப் பொருள்களைக் கலந்து செய்தது என்று சி.பி.ஐ. வழக்குப் போட்டு, 2000-ல் கைது செய்தது. 2016 அக்டோபரில் சென்னை நீதிமன்றம் மூன்றாண்டுக் கடுங்காவல் விதித்தது. டெல்லி அறைக்கும் தீர்ப்புக்கும் நடுவே இருபது ஆண்டுகள். மனிதருக்குத் தண்டனை கிடைத்தது. அவரை அழைத்துவந்து, பார்த்து, வியந்து, உலகுக்கு அறிவித்த துறை, தான் எப்படி ஏமாந்தது என்று ஒரு பக்கமாவது எழுதி வைத்ததாக நான் படித்ததில்லை.

ஏமாறுவது நம் நாட்டு வியாதி என்று யாரும் தலையில் அடித்துக்கொள்ளவேண்டாம். 1976-ல் பிரான்சின் அரசு எண்ணெய் நிறுவனமான எல்ஃப், ஒரு பெல்ஜியப் பிரபுவோடும் ஓர் இத்தாலியத் தொழில்நுட்பக்காரரோடும் ஒப்பந்தம் போட்டது. விமானத்தில் பறந்தபடியே பூமிக்கடியில் எண்ணெய் இருக்கும் இடத்தை மோப்பம் பிடித்துத் திரையில் காட்டும் கருவி தங்களிடம் இருப்பதாக அவர்கள் சொன்னார்கள். பல நூறு மில்லியன் பிராங்க் போயிற்று. நாட்டின் அதிபருக்கே தெரிந்து நடந்தது. தெரியாமல் பார்த்துக்கொண்டது மற்ற விஞ்ஞானிகளுக்குத்தான். போட்டிக் கம்பெனிகளுக்குத் தெரிந்துவிடக் கூடாதே! 1979-ல் அணுசக்தி ஆணையத்தைச் சேர்ந்த இயற்பியலாளர் ஜூல் ஓரோவிட்ஸ் வந்து பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் அளவுகோலை வைத்து, கருவி அதைக் காட்டட்டும் என்றார். திரையில் நேரான அளவுகோல் தெரிந்தது. அவர் அதை முன்பே ரகசியமாக வளைத்து வைத்திருந்தார். மூன்று ஆண்டுகளாக எத்தனையோ பொறியாளர்கள் அந்தக் கருவியைச் சுற்றி வந்திருக்கிறார்கள். ஒருவர் ஓர் அளவுகோலை வளைக்கவேண்டியிருந்தது, அவ்வளவே. அதன் பிறகும் நான்கு ஆண்டுகள் மூடி வைத்தார்கள், 1983 டிசம்பரில்தான் பத்திரிகையில் வந்தது. தணிக்கை அதிகாரிகள் இதைப் பற்றி எழுதிய அறிக்கையின் பிரதிகள் அழிக்கப்பட்டிருந்ததும் அப்போது தெரிந்தது. பெல்ஜியப் பிரபுவின் வரவேற்பறையிலும் இடையன்குளத்து அடுப்படியிலும் ஒரே வேலைதான் நடந்திருக்கிறது. ஒரு வேறுபாடு, அங்கே பணம் அதிகம்.

இத்தோடு நிறுத்தினால் திருப்தியான கட்டுரையாக முடியும். மோசடிக்காரன், முட்டாள் அதிகாரி, கெட்டிக்காரச் சந்தேகி. என் உறுத்தல் இங்கேதான் தொடங்குகிறது. குச்சியே இல்லாத இடங்களில் என்ன செய்வது? 1989 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் ஃபிளைஷ்மன், ஸ்டான்லி பான்ஸ் என்ற இரு வேதியியலாளர்கள் செய்தியாளர்களைக் கூட்டினார்கள். கனநீரில் பல்லேடியம் தகட்டை வைத்து மின்சாரம் செலுத்தினால் மேசைமீதே அணுக்கரு இணைவு நடந்து வெப்பம் வருகிறது என்றார்கள். இருவரும் பெயர்பெற்றவர்கள், யாரையும் ஏமாற்ற நினைத்தவர்கள் என்று சொல்ல முடியாது. யூட்டா மாநிலம் ஐந்து மில்லியன் டாலர் ஒதுக்கியது. உலகமெங்கும் ஆய்வகங்கள் அதைத் திரும்பச் செய்ய முனைந்தன, பெரும்பாலானவற்றுக்கு வரவில்லை. அந்த ஆண்டு நவம்பருக்குள் அமெரிக்க எரிசக்தித் துறையின் குழு, தனி நிதி தேவையில்லை என்று எழுதிவிட்டது. நம் பாபா அணு ஆராய்ச்சி மையமும் சும்மா இருக்கவில்லை. இயக்குநர் பி.கே. அய்யங்காரே முன்னின்று ஊக்க, டிராம்பேயில் பத்துக்கும் மேற்பட்ட குழுக்கள் இறங்கின, இணைவு நடந்ததற்கு அடையாளமாக டிரிட்டியம் கண்டதாகச் சில குழுக்கள் எழுதின. வருட முடிவில் தொகுத்து அறிக்கையாகவே போட்டார்கள். பிறகு தொண்ணூறுகளின் நடுவில் அது அடங்கிப்போயிற்று. நம்பிக்கை மட்டும் அடங்கவில்லை. 2011 பிப்ரவரியில், ‘குளிர் இணைவு’ என்று பெயர்பெற்ற இந்தத் துறையின் பதினாறாவது சர்வதேச மாநாடு சென்னையில் நடந்தது.

டிராம்பே செலவழித்தது வீணா என்று நண்பர்கள் கேட்டால், இல்லை என்றே சொல்வேன். உண்மையாக இருந்தால் நாட்டின் எரிபொருள் கவலையே தீர்ந்துவிடும் என்கிற ஒரு சேதி வரும்போது, கையில் கனநீரும் கருவியும் வைத்திருக்கும் அரசு ஆய்வகம் பார்க்காமல் இருப்பதுதான் தப்பு. பார்த்தார்கள், கண்டதாக நினைத்ததை எழுதினார்கள், மற்றவர்கள் குறை சொல்ல முடிந்தது. 2015-ல் தொடங்கி கூகுள் நிறுவனம் பத்து மில்லியன் டாலர் போட்டு, முப்பது பேரை வைத்து, இதே குளிர் இணைவை மறுபடி தேடியது. 2019-ல் ‘நேச்சர்’ இதழில் ஒன்றும் அகப்படவில்லை என்று எழுதினார்கள். அதைப் படித்தபோது எனக்கு ஏனோ மகிழ்ச்சியாக இருந்தது. தேடியவர்கள் வெறுங்கையோடு திரும்பிவந்து, கையை விரித்துக் காட்டுவது அபூர்வம். பைத்தியக்காரக் கேள்வி என்று எதையும் ஆரம்பத்திலேயே ஒதுக்கிவிடுவது எனக்கு ஒப்புதல் இல்லை. கேள்வி எவ்வளவு கிறுக்காகவும் இருக்கலாம். இல்லை என்ற விடை வர அதில் இடம் இருக்கிறதா என்பதை மட்டும்தான் நான் பார்க்க விரும்புகிறேன்.

அந்த இடம் அடைக்கப்பட்ட கேள்விகளும் உண்டு. 2020 பிப்ரவரியில் அதே அறிவியல் தொழில்நுட்பத் துறை, வேறு பல அரசு அமைப்புகளோடு சேர்ந்து, ‘சூத்ரா-பிக்’ என்ற திட்டத்துக்கு ஆய்வு முன்மொழிவுகள் கேட்டது. நாட்டு மாடுகளிலிருந்து கிடைக்கும் முதன்மைப் பொருள்களை அறிவியல் வழியில் பயன்படுத்துவது பற்றியது. நாட்டு மாட்டின் தனித்தன்மை, அதன் பாலும் சாணமும் கோமியமும் மருந்தாவது, உணவாவது, உழவுக்காவது என்று தலைப்புகள் பிரித்துக் கொடுக்கப்பட்டிருந்தன. ஐந்நூறுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் கையெழுத்திட்டுத் திரும்பப் பெறக் கேட்டார்கள். நாட்டு மாட்டை ஆராயக் கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். காங்கேயம் மாட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள எவ்வளவோ இருக்கிறது. ஆனால் அந்த அழைப்பைப் படிக்கும்போது மூக்கில் ஒரு மெழுகு வாடை அடித்தது. தனித்தன்மை இருக்கிறதா என்ற கேள்வியே அதில் இல்லை. இருக்கிறது, அதை எடுத்துத் தாருங்கள் என்கிறது. விடையைக் கேள்விக்குள்ளேயே ஊற்றி அடைத்துவிட்டால், ஆய்வாளர் எவ்வளவு நேர்மையாகக் கிளறினாலும் எண்ணெய் மேலே வரத்தான் செய்யும். அவருக்கே தெரியாமல் வரும். இடையன்குளத்துக் குச்சிக்குள் என்ன இருந்தது என்பது கிளறியவருக்குத் தெரிந்திருந்தது. இங்கே கிளறுகிறவர் வேறு, அடைத்தவர் வேறு. யாரையும் கைது செய்ய முடியாது. (அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் அடிப்படைக் கடமை என்று 1976-ல் அரசியல் சட்டத்தில் சேர்த்தார்கள், பிரிவு 51அ. அந்தப் பட்டியல் முழுக்கக் குடிமக்களுக்கானது. நிதி ஒதுக்கும் அதிகாரிக்கு என்று தனியாக ஒரு வரியும் அதில் இல்லை.)

இதில் கட்சி பார்க்கவேண்டியதில்லை. 2012 டெங்குக் காலத்தில் தமிழக அரசு நிலவேம்புக் குடிநீரைக் கொடுக்கத் தொடங்கியபோது நானும் வாங்கிக் குடித்தவன்தான். நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, பற்படாகம், சுக்கு, மிளகு. ஒன்பது சரக்கு. காகிதக் கோப்பையில் வெதுவெதுப்பாக இறங்கும் அந்தக் கசப்பு, அடிநாக்கில் அரை நாள் நிற்கும். சித்த மருத்துவத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு, மரியாதை இருப்பதால்தான் அது கேள்வியைத் தாங்கும் என்றும் நினைக்கிறேன். 2017-ல் உரிய ஆய்வு முடிவு வரும்வரை தன் இயக்கத்தார் அதை விநியோகிக்க வேண்டாம் என்று கமல்ஹாசன் சொன்னார். அந்த ஆய்வை ஆங்கில மருத்துவர்கள்தான் செய்யவேண்டும் என்றும் அவர் சொல்லவில்லை. அதற்கே அவர்மீது போலீசில் புகார் கொடுத்தார்கள். கோடிக்கணக்கான கோப்பைகளை ஊற்றிய பிறகு ஆய்வு எங்கே என்று கேட்பது குற்றமாகிவிடுகிறது. ஊற்றுவதற்கு முன்னால் கேட்க யாருக்கும் வாய்ப்புத் தருவதில்லை.

இதுவரை நான் எழுதியது, அதிகமாக நம்பியவர்களைப் பற்றி. தேனிக்காரர்கள் அதிகமாகச் சந்தேகப்பட்டார்கள். அவர்களைப் பற்றி யோசிக்கும்போது எனக்கு இரண்டு மனம். பொட்டிபுரத்துக்கு அருகே அம்பரப்பர் மலையைக் குடைந்து, ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் சுரங்கப் பாதையின் முடிவில், ஐம்பதாயிரம் டன் இரும்பைக் காந்தமாக்கி அடுக்கி, நியூட்ரினோ என்னும் நுண்துகள்களைப் பார்ப்பது திட்டம். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது, 1500 கோடி ரூபாய். நல்ல அறிவியல், இதில் எனக்கு ஐயமே இல்லை. 1965-ல் கோலார் தங்கவயலின் ஆழத்தில், காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவை உலகில் முதன்முதலாகப் பதிவு செய்தவர்களில் நம்மவர்களும் உண்டு. வயலை மூடிய பிறகு அந்த மரபு அறுந்தது. அதைத் திரும்பப் பிடிக்கத்தான் இந்த மலை. நியூட்ரினோ யாரையும் ஒன்றும் செய்யாது. இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்கள் உடம்பின் வழியே ஒவ்வொரு நொடியும் கோடிகோடியாகப் போய்க்கொண்டிருக்கிறது. ஆனாலும் கதிர்வீச்சு வரும், அணைகள் உடையும், அணுக்கழிவைக் கொண்டுவந்து கொட்டப்போகிறார்கள் என்று ஊர் பேசியது. கூடங்குளம் அணு உலைப் போராட்டம் நடந்து முடிந்த சூடு. விஞ்ஞானிகள் ஊர் ஊராகப் போய்த் துகளை விளக்கினார்கள், பொறுமையாகத்தான் விளக்கினார்கள் என்று கேள்வி.

துகளைப் பற்றி அவர்கள் சொன்னது அத்தனையும் சரி. கோப்பில் இருந்தது வேறு. மலையைக் குடையும் இந்தத் திட்டத்தைக் கட்டடக் கட்டுமானம் என்ற பிரிவின் கீழ் வைத்துத்தான் சுற்றுச்சூழல் அனுமதிக்குப் பார்த்தார்கள். அடுக்குமாடி வீடுகளுக்கும் வணிக வளாகங்களுக்கும் உரிய பிரிவு அது. ‘பூவுலகின் நண்பர்கள்’ என்ற சுற்றுச்சூழல் அமைப்பினர் வழக்குத் தொடுத்தார்கள். கேரள எல்லையும் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்காவும் ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கின்றன என்பது விவாதத்தில் வெளிவந்தது. 2017 மார்ச்சில் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு அனுமதியை நிறுத்திவைத்தது. அடுத்த ஆண்டு மார்ச்சிலேயே மத்திய அமைச்சகம், சிறப்பு நேர்வு என்று சொல்லி, அதே கட்டடப் பிரிவில் மறுபடி அனுமதித்தது. 2022-ல் தமிழக அரசு, புலிகள் நடமாடும் வழித்தடம் என்று காட்டி, உச்ச நீதிமன்றத்தில் திட்டத்தை எதிர்த்துப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. ஊர்க்காரர்களின் சந்தேகம் இயற்பியலில் தவறு, கோப்பில் சரி. அவர்கள் பாத்திரத்தைப் பார்க்கத் தெரியாதவர்கள். யார் கையில் என்ன குச்சி இருக்கிறது என்று பார்க்கத் தெரிந்தவர்கள். பயத்தை எந்த மொழியில் சொன்னால் காதில் விழும் என்று தெரியாததால் கதிர்வீச்சு என்று சொன்னார்கள் என்பது என் ஊகம். அவர்களை மூடநம்பிக்கைக்காரர்கள் என்று எழுதிய படித்தவர்களில் எத்தனை பேர் அந்தக் கட்டடப் பிரிவைக் கவனித்தார்கள்? நல்ல அறிவியலே இப்படிக் குறுக்கு வழியில் போனால், அடுத்த முறை தழையோடும் பாத்திரத்தோடும் ஒருவர் வந்து நிற்கும்போது அரசு ஆய்வகத்தின் சொல்லை யார் கேட்பார்கள்? 1996-ல் கேட்ட அதே டீக்கடைக் கேள்விகள், முன்னைவிடக் கூடுதல் நியாயத்தோடு, திரும்ப வரும்.

பெரிய சீர்திருத்தம் எதையும் நான் கேட்கவில்லை. மக்கள் பணத்தில் நடந்த ஒவ்வோர் ஆய்வும் என்ன கேட்டது, எவ்வளவு வாங்கியது, என்ன கண்டது, எதைத் தேடிக் காணாமல் திரும்பியது என்று ஒரு பக்கம் எழுதி வெளியிடட்டும். நாட்டு மாட்டு ஆய்வுகளும் நிலவேம்பும் அதில் இருக்கட்டும், பொட்டிபுரத்துக் கோப்பும் இருக்கட்டும். ஒன்றும் கிடைக்கவில்லை என்று வந்த ஆய்வுக்கும் அதே அளவு எழுத்து, அதே இடம். ஆங்கிலத்தில் மட்டும் போட்டுவிட்டுக் கடமை முடிந்தது என்று இருக்கவேண்டாம், பணம் கொடுத்தவர்கள் படிக்கிற மொழியிலும் வரட்டும்.